நம் வீட்டு வடிகாலும் சிலாங்கூர் ஆறும்: குடிநீரைக் காப்பது பற்றி ஓர் எளிய அறிமுகம்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி, சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு பெரிய நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1,292 இடங்களில் குழாய் வறண்டது. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றார்கள். ஆற்றைத் தினமும் கண்ணால் பார்க்கும் கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் பல குடும்பங்களுக்கு அதே கதிதான். காரணம், ரவாங் பக்கம் ஓடும் சுங்கை கோங் என்ற சிற்றோடையில் யாரோ விட்ட கழிவின் நெடி.

ஒரு சின்ன ஓடையில் விழுந்த கழிவு, எங்கோ இருக்கும் பெட்டாலிங் ஜெயா வீட்டுக் குழாயை எப்படி நிறுத்தியது? பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) போன்ற தோட்டத்துச் சிற்றூரில் வாழ்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் ஊரைத் தாண்டித்தான் அந்த ஆறு போகிறது. நம் வாய்க்கால்கள் அதில்தான் விழுகின்றன. தலைநகர் குடிக்கும் தண்ணீரின் பெரும்பங்கை எடுக்கும் இடங்களும் நம் வட்டாரத்தில்தான், புக்கிட் பாடோங்கிலும் ரந்தாவ் பஞ்சாங்கிலும் இருக்கின்றன.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது எது?

லயத்து வீட்டின் தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கூரையின் எந்த மூலையில் விழுந்த துளியும் சரிவில் ஓடி, பீலியில் சேர்ந்து, கீழே வைத்திருக்கும் தோம்புக்குள் விழும். கூரையில் காய்ந்த இலை கிடந்தாலும், எலி செத்துக் கிடந்தாலும், துரு உரிந்திருந்தாலும் அதையும் சேர்த்துக்கொண்டுதான் தண்ணீர் தோம்புக்கு வரும். ஓர் ஆற்றுக்கு இப்படிக் கூரையாக இருக்கும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அந்த நிலத்தில் எங்கு மழை விழுந்தாலும், ஆவியாகிப் போனதும் மண்ணுக்குள் தங்கியதும் போக, மீதி நீர் அந்த ஆற்றுக்கே வந்து சேரும்.

சிலாங்கூர் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில், பிரேசர் மலையை ஒட்டிய காடுகளில் பிறக்கிறது. கோலகுபு பாருவைக் கடந்து மேற்கே இறங்குகிறது. ராசா, பத்தாங்காலி, செரண்டா, ரவாங் ஆகிய ஊர்களின் சிற்றாறுகள் வழியெங்கும் வந்து சேர்கின்றன. பிறகு பத்தாங் பெர்ஜுந்தை, அதன்பின் கோல சிலாங்கூர், கடைசியில் மலாக்கா நீரிணை. கடலைத் தொடுவதற்குச் சற்று முன்பு, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களும் இதே ஆற்றை நம்பித்தான் நிற்கின்றன. இந்த நிலப்பரப்புக்குள் காடு, ரப்பர், செம்பனை, பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை, மணல் தோண்டும் இடம், தொழிற்பேட்டை, தாமான் எனும் குடியிருப்பு, கம்பம் எனும் சிற்றூர் எல்லாம் அடக்கம். உங்கள் வீடு இதற்குள் இருந்தால் உங்கள் முற்றமும் இந்த ஆற்றின் ஒரு துண்டுதான்.

பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். “நம் தண்ணீர் அணையிலிருந்து வருகிறது, அணையைச் சுற்றிக் காடு இருக்கிறது, அதனால் கவலை இல்லை” என்பார்கள். கோலகுபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை இருப்பது உண்மை. சுங்கை திங்கியில் இன்னோர் அணையும் உண்டு. ஆனால் அந்த அணைகளிலிருந்து சுத்திகரிப்பு நிலையம்வரை மூடிய குழாய் வருவதில்லை. ஆற்றில் நீர் குறையும்போது அணையைத் திறந்து ஆற்றிலேயே விடுகிறார்கள். அந்த நீர் பல ஊர்களைத் தாண்டி, திறந்த வெளியில் ஓடி வந்த பிறகுதான் இங்கே இறைக்கப்படுகிறது. அணையை விட்டுப் புறப்படும்போது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வழியில் ஒவ்வொரு பட்டணத்தின் சாக்கடையும் அதைத் தொடுகிறது. அணைக்கும் இறைக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள அந்த நீண்ட தூரத்தில்தான் நம் குடிநீர் கெடுவதும் பிழைப்பதும் நடக்கிறது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் போகும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ஆற்றின் நீர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுத்திகரிப்பு நிலையம் செய்வதும் செய்ய முடியாததும்

“அதற்குத்தானே நிலையம் கட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அவர்கள் வடிகட்டிவிட மாட்டார்களா?” இது நியாயமான கேள்வி. பதிலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மழைக்குப் பின் ஓடும் கலங்கல் நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குங்கள். சில நிமிடங்களில் தேநீர் நிறத்து நீருக்குள் சிறு சிறு திப்பிகள் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துப்போவதால் அப்படி ஆகிறது. அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் திப்பிகள் அடியில் படிந்து மேலே நீர் தெளியும். இரண்டு குவளையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இப்போது முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் விட்ட குவளையில் நெடி அப்படியே இருக்கும். (இரண்டையும் குடித்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் நீரை வாய்க்காலில் கொட்டாமல் ஒரு பழைய துணியில் உறிஞ்ச வைத்து அப்புறப்படுத்துங்கள்.)

பெரிய நிலையங்களிலும் அடிப்படை வேலை இதேதான். குப்பையைத் தடுக்கும் கம்பி வலை, படிகாரம், படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, கடைசியில் கிருமியைக் கொல்லக் குளோரின். மண், பாசி, கிருமி ஆகியவற்றுக்கு எதிராக இந்த முறை மிக நன்றாக வேலை செய்கிறது. காலராவும் வயிற்றுப்போக்கும் தோட்டங்களில் உயிரைப் பறித்த காலம் போனதற்குச் சுத்தமான குழாய் நீர் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நீரில் கரைந்துபோன கரைப்பான், டீசல், தொழிற்சாலை இரசாயனம் ஆகியவற்றைப் படிகாரம் பிடிக்காது, மணல் நிறுத்தாது. அப்படி ஒன்று வந்தால் நிலையத்தில் இருப்பவர்களுக்கு இருக்கும் பத்திரமான வழி, பம்பை நிறுத்துவது. 2020இல் நடந்தது அதுதான். ஆற்றில் நெடி போன பிறகும் நிலையத்தை ஓட்டி, தொட்டிகளை நிரப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழாய்களில் அழுத்தம் ஏறுவதற்கு நாட்கள் பிடிக்கும்.

அமோனியா இன்னொரு தொல்லை. மாட்டுச் சாணம், மனிதக் கழிவு, உரம், குப்பைமேட்டிலிருந்து கசியும் நீர், ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து என்று பல வழிகளில் அது ஆற்றுக்கு வருகிறது. குளோரின் போட்டால் கிருமியைத் தேடிப் போகவேண்டிய குளோரின் முதலில் அமோனியாவோடு சேர்ந்து செலவாகிவிடும். அமோனியா கூடக் கூடக் குளோரினும் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு கட்டத்துக்கு மேல் சமாளிக்க முடியாது. சுகாதார அமைச்சின் அளவுகோல் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் அந்த நீரை எடுப்பதே சிக்கலாகிவிடும்.

வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பூச்சிமருந்தோ காரீயம், ஆர்செனிக் போன்ற உலோகமோ போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றினால் அவற்றின் செறிவு இன்னும் கூடத்தான் செய்யும். குழாயில் மாட்டும் சாதாரண வடிகட்டியும் மண்ணையும் துருவையும் பிடிக்குமே தவிர, இவற்றை நம்பி விட முடியாது. ஆகவே ஆற்றுக்குள் போகாமல் தடுப்பதை விட மலிவான சுத்திகரிப்பு வேறு இல்லை.

தோட்டத்திலிருந்து என்ன வருகிறது?

முதலில் செம்பனை ஆலை. குலைகளை நீராவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைப் பிரிக்கும்போது ஏராளமான நீர் செலவாகிறது. ஒரு டன் கச்சா எண்ணெய் எடுத்தால் சுமார் இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் மிஞ்சும். சூடான, பழுப்பு நிறமான, எண்ணெய்ப் பசையும் நாரும் கலந்த குழம்பு அது. அதில் நஞ்சு என்று எதுவும் சேர்ப்பதில்லை. அப்படியானால் ஆற்றில் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம்.

மீன் சாவதற்கு நஞ்சு வேண்டியதில்லை. குழம்பில் இருக்கும் உணவுச் சத்தை ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். உணவு அதிகமாக இருந்தால் அவை பெருகிப் பெருகி, ஆக்ஸிஜன் முழுவதையும் தீர்த்துவிடும். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேல்மட்டத்துக்கு வந்து தவிக்கும். பிறகு வயிறு மேலே தெரிய மிதக்கும். ஒரு லிட்டர் கழிவு இப்படி எவ்வளவு ஆக்ஸிஜனைக் கேட்கும் என்பதை அளக்கும் முறைக்கு உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை என்று பெயர். வீட்டுச் சாக்கடை நீரில் அது சில நூறு மில்லிகிராம். ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவில் சுமார் 25,000.

எழுபதுகளில் செம்பனை வேகமாகப் பரவியபோது இந்தக் குழம்பு பல இடங்களில் நேராக ஆற்றுக்குப் போனது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு அளவை இறுக்கினார்கள். 1978இல் 5,000 மில்லிகிராம்வரை விடலாம் என்றிருந்தது, 1984இல் 100 மில்லிகிராமாகக் குறைந்தது. சில இடங்களில் இன்று 20தான் அனுமதி. ஆலைகள் தொடர்ந்து பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு தொழில் முழுவதையும் இப்படித் திருத்த முடிந்தது. சட்டம் போட்டு எதுவும் நடக்காது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அந்த மாற்றத்தைச் செய்தவை ஆலைக்குப் பின்னால் இருக்கும் குளங்கள். சாலையிலிருந்து பார்த்தால் சாதாரணக் குட்டைபோலத் தெரியும். முதல் குளத்தின் மேலே தடித்த பழுப்பு ஆடை படிந்திருக்கும். அதைப் பிளந்துகொண்டு குமிழிகள் வெடித்துக்கொண்டே இருக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை விடுவதால் வரும் குமிழிகள் அவை. அடுத்தடுத்த குளங்களில் நிறம் மாறிக்கொண்டே வரும். கடைசிக் குளத்துக்கு வரும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆற்றில் செய்யவேண்டிய செரிமானத்தைக் குளத்திலேயே, பல வாரங்கள் எடுத்துச் செய்து முடிப்பதுதான் சூட்சுமம். அடியில் சேறு சேர்ந்து குளத்தின் ஆழம் குறைந்தால் கழிவு அதில் தங்கும் நாட்களும் குறையும். அரைகுறையாகச் செரித்த நீர் வெளியே வரும். அடைமழையில் கரை வழிந்தாலும் அப்படித்தான். குளத்தைத் தூர்வாருவது ஆலை நிர்வாகத்தின் பொறுப்பு. அது நடக்கிறதா என்பதை ஆலைக்குள் வேலை செய்யும் நம்மவர்களே முதலில் அறிவார்கள்.

அடுத்து உரமும் மருந்தும். உரம் போட்ட மறுநாள் கனமழை அடித்தால் மரம் உண்டது கொஞ்சம், வாய்க்கால் கொண்டுபோனது மீதி. தோட்டத்துக்கும் அது நட்டம் என்பதால், மழைக்காலத்தைப் பார்த்து உரம் போடுவதில் நிர்வாகத்துக்கும் ஆற்றுக்கும் ஒரே நலன்தான். களைக்கொல்லியில் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. வெளிக்காட்டில் மருந்தடித்த பெண்கள் பல ஆண்டுகள் அதன் நெடியில் மூச்சுவிட்டார்கள், விரல் நகம் உரிய வேலை செய்தார்கள். அந்தத் தடை அவர்களுக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆனது வருத்தத்துக்குரியது. இப்போதும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உண்டு. அடிக்கும்போது போவதைவிட, வேலை முடிந்து முதுகுத் தோம்பைக் கழுவும் இடத்தில் ஒரேயடியாகப் போகும் மருந்துதான் ஓடைக்குப் பெரிய ஆபத்து. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் வசதி என்பதால் அங்கேயே கழுவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கழுவிய நீரை அடுத்த கலவைக்கே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் மருந்தடித்த அதே வரிசையில் தெளித்துவிடலாம். ஓடையிலிருந்து தள்ளி ஒரு கழுவுமிடம் கட்டித் தரச் சொல்லிக் கேட்பது தொழிலாளரின் உரிமை. அது அவர்களின் தோலையும் காக்கும்.

மூன்றாவது, வெறும் மண். மண் ஒரு மாசா என்று ஆச்சரியப்பட வேண்டாம். கோலகுபுவின் கதையே அதற்குச் சாட்சி. மேலே மலைச்சரிவுகளில் வெள்ளீயம் தோண்டியபோது புரண்ட மண் மழைக்கு மழை ஆற்றில் இறங்கியது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. கரை புரண்டு வெள்ளம் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஊரையே விட்டுவிட்டு, 1920களில் திட்டமிட்ட மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றைய ஊரின் பெயரில் இருக்கும் ‘பாரு’ (மலாயில் ‘புதிய’) அப்படி வந்ததுதான். நம் காலத்தில் பழைய செம்பனையை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்யும்போதும், தாமான் கட்டக் குன்றை வெட்டும்போதும் அதே மண் இறங்குகிறது. மறுநடவு நிலத்தில் உடனே மூடுபயிர்க் கொடியைப் படரவிடும் தோட்டத்தையும், மாதக்கணக்கில் செம்மண் வெயிலில் கிடக்கும் தோட்டத்தையும் மழை பெய்த மாலையில் போய்ப் பாருங்கள். ஒன்றின் வாய்க்கால் தேநீர்போல இருக்கும்; மற்றதன் வாய்க்கால் பெயிண்டு கரைத்ததுபோல ஓடும். கலங்கல் கூடினால் நிலையத்தில் படிகாரச் செலவும் கூடும், எடுக்கும் நீரின் அளவும் குறையும்.

ஆற்றோரத்தில் மரங்களும் புதரும் கொண்ட ஒரு பட்டையை விட்டுவைத்தால் இந்த மூன்றையுமே பெரிய அளவில் தடுத்துவிடலாம். வேர் மண்ணைப் பிடிக்கும். புல் ஓட்டத்தைத் தணிக்கும். உரம் ஆற்றுக்கு முன்பே செடிக்குப் போகும். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் இதற்கு அளவே இருக்கிறது: 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறு என்றால் இரு கரையிலும் 50 மீட்டர், 20 முதல் 40 மீட்டர் அகலத்துக்கு 40 மீட்டர், 10 முதல் 20 வரை 20 மீட்டர், 5 முதல் 10 வரை 10 மீட்டர், அதைவிடச் சின்ன ஓடைக்கும் 5 மீட்டர். அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது இரு புறமும் பாருங்கள். செம்பனை மரம் ஆற்றுக்குள் சாய்ந்து வேர் தெரிய நின்றால் அங்கே இந்தப் பட்டை இல்லை என்று பொருள். மரங்களுக்கு இருபத்தைந்து வயதாகி மறுநடவு வரும் நேரம்தான் அதைத் திரும்பப் பெறுவதற்கு வாய்ப்பான நேரம். ஆற்றோரம் இரண்டு வரிசையைத் திரும்ப நடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

நம் வீட்டிலிருந்தும் பட்டணத்திலிருந்தும்

தோட்டத்தையும் ஆலையையும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. மலேசியாவில் வீட்டின் முன் ஓடும் திறந்த வடிகால் மழைநீருக்காகக் கட்டியது. அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. அப்படியே ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. கழிப்பறை நீர் மலக்குழிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ போனாலும், பழைய வீடுகளில் பாத்திரம் கழுவும் நீரும் துணி துவைக்கும் நீரும் இந்த வடிகாலில்தான் விழுகின்றன. ஆகவே அதில் கொட்டும் பொரித்த எண்ணெய், மீதமான பெயிண்டு, கரப்பான் மருந்து எதுவாக இருந்தாலும் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கணக்கு. நம்மில் பலர் வாசலைக் கழுவி எல்லாவற்றையும் வடிகாலில் தள்ளிவிட்டால் சுத்தம் என்று நினைத்து வளர்ந்தவர்கள். வாசல் சுத்தமாவது உண்மைதான். அழுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊரின் குடிநீருக்குப் போகிறது.

மோட்டார் பட்டறைகளைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறிய பட்டறையின் முன் வடிகாலில் வானவில் நிறப் படலம் இல்லாததைக் கவனித்து, “அண்ணே, பழைய எண்ணெயை எல்லாம் என்ன செய்கிறீர்கள்?” என்று உரிமையாளரைக் கேட்டேன். அவர் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். மூடி போட்ட நீலத் தோம்பு, அதன்மேல் பொருத்திய புனல், கீழே சிந்தினால் பிடிக்கத் தகரத் தட்டு, பக்கத்தில் மரத்தூள் வாளி. தரையில் சொட்டினால் தண்ணீர் ஊற்றாமல் மரத்தூளைத் தூவிக் கூட்டி அள்ளுகிறார். “உரிமம் உள்ள லோரிக்காரர் வந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார் தம்பி. கொட்டினால் எனக்குத்தானே நட்டம்?” என்றார். கழிந்த எஞ்சின் எண்ணெய் 2005ஆம் ஆண்டின் விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாளவேண்டிய ஆபத்தான கழிவு. கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். சட்டத்தை நினைத்தோ, காசை நினைத்தோ, அவர் செய்வதைப் பட்டணத்துப் பட்டறைகள் எல்லாம் செய்தால் ஆற்றுக்குப் பெரிய விடுதலை.

மலக்குழியை ஈராண்டுக்கு ஒருமுறையாவது எடுக்கச் சொல்லுங்கள். நிரம்பிய குழி செரிக்காத கழிவை வெளியே தள்ளும்; நிலத்தடி நீருக்கும் கிணற்றுக்கும் அதுவே வினை. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் கொழுப்புத் தடுப்புத் தொட்டியைப் பெயருக்கு வைக்காமல், அதில் சேர்வதை அள்ளவும் வேண்டும்.

தோட்டங்களில் மாடு வளர்ப்பது நம்மவர்களின் பழைய துணை வருமானம். பல பிள்ளைகள் அந்தப் பால் பணத்தில் படித்திருக்கிறார்கள். கொட்டகையைக் கழுவி வாய்க்காலில் விடும் வழக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். சாணத்தை முதலில் மண்வெட்டியால் அள்ளி, ஓடையிலிருந்து தள்ளிய இடத்தில் குழி வெட்டிப் போட்டு, மழை படாமல் தகரமோ தார்ப்பாயோ மூடி வையுங்கள். சில மாதங்களில் எருவாகிவிடும். கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் போட்டது போக மீதியை விற்கலாம். அள்ளிய பிறகு கழுவும் நீரில் மிஞ்சும் அமோனியா மிகக் குறைவு.

இன்னொன்று, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டும். ஆற்றங்கரையில் கருமக்கிரியை செய்வது நம் வழக்கம். அதைக் கைவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பூவும் அரிசியும் ஆற்றோடு போகட்டும். பூவைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் பை, கற்பூர உறை, எண்ணெய்ப் போத்தல், நைலான் துணி ஆகியவற்றைக் கரைக்கே திரும்பக் கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கிரியை செய்துவைக்கும் பெரியவர் சொன்னால் குடும்பத்தார் மறுக்க மாட்டார்கள். கோயில் நிர்வாகங்கள் அவர்களிடம் பேசினாலே இது நடந்துவிடும்.

ஆற்றில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

சுற்றுச்சூழல் துறை ஆற்று நீரின் தரத்தை ஆறு அளவுகளைக் கொண்டு கணக்கிடுகிறது: கரைந்த ஆக்ஸிஜன், உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, வேதி ஆக்ஸிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமிலத்தன்மை. இந்த ஆறு அளவுகளும் சேர்ந்து நூற்றுக்கு ஒரு மதிப்பெண் ஆகும். 81உம் அதற்கு மேலும் என்றால் தூய்மையான ஆறு. 60க்குக் கீழ் என்றால் மாசடைந்தது. இதற்குக் கருவி வேண்டும். ஆனால் திடீர் மாசைக் கண்டுபிடிக்கக் கண்ணும் மூக்கும் போதும். தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர், கரையில் தூண்டில் போடுகிறவர், ஆட்டை மேய்க்கிறவர் ஆகியோரின் கண்ணைவிடச் சீக்கிரம் பார்க்கும் அதிகாரி எவரும் இல்லை. திருட்டுத்தனமாகக் கழிவை விடுகிறவர்கள் இரவையும் மழையையும் விடுமுறை நாளையும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; அந்த நேரத்தில் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார், ஆற்றங்கரையில் நம்மில் ஒருவர் இருப்பார்.

பெட்ரோல், பெயிண்டு, அழுகிய முட்டை போன்ற நெடி. கலையாமல் மிதக்கும் நுரை. மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது. மழையில்லாத நாளில் திடீரென்று நிறம் மாறுவது. இவற்றில் எதைக் கண்டாலும் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள். சிலாங்கூரில் குடிநீர் வழங்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் 15300 எண்ணுக்கும் சொல்லிவைத்தால் நீர் எடுப்பவர்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்வார்கள். தமிழில் மட்டும் பேசத் தெரிந்த பெரியவர் பார்த்திருந்தால், பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். “புகார் செய்து என்ன ஆகும்?” என்று கேட்பவர்களுக்கு: 2024இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அபராதம் ஒரு கோடி ரிங்கிட்வரை போகலாம். ஆனால் வழக்குக்குச் சான்று வேண்டும். ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால் சில மணி நேரத்தில் சான்றும் ஓடிவிடும். அதனால்தான் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

அழைப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். இடத்தின் அடையாளமாகப் பாலமோ மின்கம்பத்தின் எண்ணோ அதில் தெரியட்டும். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நீரைத் தொடவோ, தொழிற்சாலை வேலிக்குள் நுழையவோ வேண்டாம். பொதுப்பாதை இருந்தால் கரையோரமாக நீரோட்டத்துக்கு எதிராக நடந்து பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் ஒரு பக்கத்து வாய்க்காலோ குழாயோ வந்து சேரும். அதற்கு மேலே நீர் வழக்கம்போல இருக்கும், கீழே கெட்டிருக்கும். அந்தச் சேருமிடத்தை, மேல் பக்கம் ஒரு படமும் கீழ்ப் பக்கம் ஒரு படமுமாக எடுத்து அனுப்புங்கள். அதிகாரி எந்த வாய்க்காலில் மாதிரி எடுக்கவேண்டும் என்பதை அந்த இரண்டு படங்களே சொல்லிவிடும். அழைப்பை வைப்பதற்கு முன் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி, என்ன ஆனது என்று மீண்டும் கேளுங்கள்.